புத்தகத்தில் இல்லாத நாய்

"புக்குல இந்த நாயே இல்ல!" என்றாள் பிரேமிளா.

கண்டி நகரத்துப் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி. பகல் சாப்பாட்டு நேரம். கூட வேலை செய்யும் றம்லத்தின் போன் தண்ணீர்ப் போத்தலில் சாய்ந்து நின்றது. அதற்குள் கொரியர்கள் தமிழ் பேசிக்கொண்டு கொலைகாரனைத் தேடினார்கள்.

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் புக்கு. அதுல அப்படி என்னதான் ஈக்கு?"

"கதை நடக்கிறது துறைமுகத்துல. பக்கத்துக்குப் பக்கம் மீன் வாடை அடிக்கும். இவங்க மலையும் பனியுமா மாத்தி வச்சிருக்காங்க. வீட்டுக்காரம்மா புக்குல சின்ன வயசு. இது கிழவி!"

"கிழவிதான் நல்லம். ஒன்ட புக்க அலுமாரியில வச்சுப் பூட்டு."

இந்தக் கொரியத் தொடருக்கு மூலமான மர்ம நாவலின் தமிழாக்கத்தை பிரேமிளா இரண்டு முறை படித்தவள். நல்ல கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, தொடரைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்தாள். இன்றுதான் றம்லத் இழுத்து உட்கார வைத்து முதலாவது எபிசோடைப் போட்டிருந்தாள்.

திரையில் கதாநாயகன் படியேறினான். நீலக் கேட். கேட்டைத் திறந்த கிழவியின் பின்னால், இதுவரை படுத்தே கிடந்த அந்த நாய் எழுந்து நொண்டி வந்தது. மூன்றே கால்.

பிரேமிளாவின் கை சோற்றோடு நின்றது. இந்த நாயை அவளுக்குத் தெரியும்.

கணவன் சதீஸ் தொழிற்சாலை வேலைக்குக் கொரியா போய் மூன்று மாதம். போன் கமராவில் கம்பனி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதாம். அதனால் முகம் காட்டியதில்லை, தினமும் குரல் பதிவு மட்டும் வரும். 'நம்ம வீட்டுக்காரம்மாவோட நாய்க்கு மூணு கால்தான் பிரேமி. நீலக் கேட்டு. நூத்திப் பன்னெண்டு படி ஏறணும், மூச்சு வாங்குது.' வீடு திரும்பும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டுச் சிரிப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

"றம்லத்து, அந்தப் படி எத்தனைன்னு சொல்றாங்களா?"

"நூத்திப் பன்னெண்டு. அவன் எண்ணுவானே. ஏன் புள்ள, மொகம் வெளுத்துப் போச்சு?"

பிரேமிளா கையைக் கழுவிவிட்டுப் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நாய் இல்லை. படி இல்லை. நீலக் கேட் இல்லை. எல்லாம் டிவிக்காரர்கள் சேர்த்தவை.

"நாய்க்கு ஆசைப்படாத. நேத்து எபிசோட்ல நஞ்சு வச்சிட்டாங்க" என்றாள் றம்லத்.

பிரேமிளாவின் போன் அதிர்ந்தது. சதீஸின் குரல் பதிவு.

"பிரேமி, மனசே சரியில்ல. நம்ம வீட்டுக்காரம்மா நாய் செத்துப் போச்சு. யாரோ நஞ்சு வச்சுட்டாங்க."

உடனே அவனைத் திருப்பி அழைத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"ரூம்லதான். வெளிய ஒரே பனி."

பின்னால் லொறி ஹோர்ன். யாரோ சிங்களத்தில் ஏசினார்கள்.

"புக்குல நாயே இல்லைங்க."

சதீஸ் மெதுவாகக் கேட்டான், "டிவி பார்த்தியா? பார்க்க மாட்டேன்னு சொன்னியே!"

"எங்க இருக்கீங்க?"

"கொழும்புப் பக்கம், பேலியகொடையில. ஒரு ஸ்டோர்ல மூட்டை எறக்குறேன். கடைசி மெடிக்கல்ல பெயில் ஆக்கிட்டாங்க பிரேமி. பிளைட்டுக்கு மூணே நாள் இருந்திச்சு."

"அதுக்கு இப்படியா? மூணு மாசமா கதை!"

"புக்குல இருந்து சொன்னா நீ புடிச்சிருவ. அதான் டிவியில இருந்து எடுத்தேன். எனக்குக் கொரியாவப் பத்தி வேற என்ன தெரியும்?"

"வீட்டுக்கு வந்திருக்கலாமே!"

"எப்படி வர்றது? பஸ்ஸ விட்டு எறங்கினா தலைக்கு மேல நானே சிரிச்சிட்டுத் தொங்குறேன். அந்த பேனர் இன்னும் தொங்குதா?"

தொங்கியது. அவர்களது தேயிலைத் தோட்டத்தில் யார் கொரியப் பரீட்சை பாஸானாலும் பொடியன்கள் பஸ் தரிப்பிடத்தில் பேனர் கட்டுவார்கள். மாலை, மேளம், வழியனுப்பு. கட்டியதை யாரும் கழற்றுவதில்லை, காற்றுதான் கிழிக்கும். அவளும் தினமும் காலையில் அதை அண்ணாந்து பார்த்துப் பெருமையோடுதான் பஸ் ஏறினாள்.

அரைநாள் லீவு போட்டாள். துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். மூன்று மணிக்கு ஹேவாஹெட்ட தரிப்பிடத்தில் இறங்கி, பக்கத்துக் கடையின் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு ஏறினாள்.

ஓட்டோவிலிருந்து பாய்ந்து வந்தான் கணேஸ். பேனருக்குக் காசு சேர்த்தவனே அவன்தான்.

"அக்கா! அண்ணன்ட பேனர ஏன் வெட்டுறீங்க?"

"அண்ணன் வர்றாரு."

"கொரியாவுல இருந்தா? அதுக்குள்ளயா?"

கயிறு அறுந்தது. சதீஸின் சிரித்த முகம் அவள் கையில் மடிந்து விழுந்தது.

"இல்ல. பேலியகொடையில இருந்து. அவரு போகவே இல்ல."

தரிப்பிடத்தில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. வெறும் கம்பத்தைப் படமெடுத்து சதீஸுக்கு அனுப்பினாள், கூடவே குரலையும்.

"எறக்கியாச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. பஸ் ஏறுங்க. மிச்சத்த வீட்டுல வச்சிக்கிறேன்."