டயர் செருப்பின் தடம்

மழைத்தொட்டி வற்றி ஒன்பது நாள். சிரோங்காவின் சினைக் கிடேரி இன்று எழுந்திருக்கவில்லை. மச்சான் மெய்தமேயின் கன்றுகள் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன. விடியுமுன்னே அடிவாரத்துக் குழாய்க் கிணற்றுக்கு ஓட்டிப் போவதாக அவன் சொன்னான். சிரோங்கா நம்பவில்லை. சுஸ்வா எரிமலையில் குகைகளுக்குப் பஞ்சமில்லை. சிலவற்றில் நீர் சொட்டும். சொட்டும் இடம் கிடைத்தவன் வாயைத் திறக்கமாட்டான்.

அதனால்தான் அத்திமரத்தடியில், யாரும் போகாத குழிக்குள் மெய்தமேயையும் கூட்டிக்கொண்டு இறங்கினான். அவன் முகம் எப்படி மாறுகிறதென்று பார்க்க வேண்டும்.

"பபூன் குரங்கு மூத்திரம் மூக்கைத் துளைக்குது மச்சான். சிறுத்தை வந்தா உன்னைத்தான் முன்னால விடுவேன். வெறும் எலும்புன்னு திரும்பிப் போயிடும்."

சிரோங்கா சிரிக்கவில்லை. மெய்தமே எதையோ மறைக்கத்தான் இவ்வளவு பேசுகிறான்.

நெருப்புக் குழம்பு ஓடி வடிந்த, குழாய் போன்ற குகை அது. ஓரிடத்தில் தவழ்ந்து போக வேண்டியிருந்தது. அதற்கப்பால் பபூன் நாற்றம் இல்லை. காற்றும் மழையும் தொடாத மெல்லிய புழுதி. போன் வெளிச்சத்தில், அதன் மேல் செருப்புத் தடம். லாரி டயரில் வெட்டிய செருப்பு. மூன்று நேர்கோடு, நடுவே ஒரு நெளிகோடு.

"இந்த டயர்ல செஞ்ச செருப்பு யார்கிட்ட இருக்கு?"

"உன்கிட்ட. என்கிட்ட."

"நான் இங்க வந்ததே இல்ல."

"ஓகோ. நான்தான் தண்ணித் திருடன். விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"என் கிடேரி சாகுது. எங்க சொட்டுதுன்னு சொல்லு."

மெய்தமே காலைத் தடத்துக்கு மேலே நீட்டிப் பிடித்தான். விரல்களும் குதிகாலும் வெளியே நின்றன.

"இது அடங்குதா பாரு. அந்த டயர்ல எத்தனை ஜோடி வெட்டினே?"

இரண்டு என்று சொல்ல வாயெடுத்தான் சிரோங்கா. மூன்று. செத்தவர் பேரை யாரும் சொல்வதில்லை. மனைவி இறந்து எட்டு மாதம்; அவன் அவளை எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை. சின்னச் செருப்பு. வாரை அவள் பல்லால் இழுத்து இறுக்குவாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா எங்கிட்ட சொல்லல."

அதையும் அவன் நம்பவில்லை. வேறு தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தை அடித்துத் தேடினான். அவள் போனதும் வந்ததும்தான் இருந்தன.

தடம் முடிந்த இடத்தில் ஒரு மஞ்சள் கேன். கைப்பிடியில் அவள் கோத்த மணிச்சரம். கேனின் ஒரு பக்கம் புழுதி. யார் கையும் பட்டிருக்கவில்லை. கேன் நிரம்பி, ஒவ்வொரு சொட்டுக்கும் வாய் வழியே வழிந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்த காலிக் கேனைச் சிரோங்கா அங்கே வைத்தான். நிறைந்ததை இருவரும் தூக்கினார்கள். மெய்தமே முன்னால் போனான்.

"ஓரமா நட," என்றான் சிரோங்கா. "மிதிக்காதே."

சாயங்காலம் கிடேரி எழுந்து நின்றது. பக்கத்துக் குடிசைக்காரி வந்து அதன் ஈர மோவாயை உற்றுப் பார்த்தாள்.

"தண்ணி ஏது தம்பி?"

மெய்தமே வானத்தைப் பார்த்தான்.

"குழாய்க் கிணத்துக்குப் போனேன்," என்றான் சிரோங்கா. "விடியுமுன்னே."

அவள் நம்பவில்லை.