சிவப்புக் குழாய், நீலக் குழாய்

எங்கள் வீட்டில் இருப்பதை நீச்சல் குளம் என்று சொல்ல எனக்கே கூச்சம். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், மூன்றரை அடித் தண்ணீர். மகன் ஜாவித் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வரும்போது பிள்ளைகள் குதிப்பதற்காகக் கட்டினான். வருஷத்தில் இருபது நாள் அவர்கள் குதிப்பார்கள். மீதி நாளெல்லாம் பக்கத்து வீட்டு வேப்பமரம் உதிர்ப்பதை நான் வலை போட்டு அள்ளுவேன்.

ஜனவரியில் என் மனைவி ஆரிஃபாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் தளர்ந்த பிறகுதான் அந்தக் குளத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். அறுபது கிலோ ஆளைக் கால்கள் இருபது கிலோவாகத்தான் உணரும். தரையில் ஐந்தடி வைக்கவே சுவரைத் தேடியவள், தண்ணீருக்குள் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நாலு முறை நடந்தாள். திங்கள், வியாழன், சனி மாலை நாலு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் பிசியோ தேவதர்ஷினி, கூடவே தண்ணீரில் நின்று நடக்கவைப்பாள்.

பிரச்சினை கரையேறிய பிறகுதான் தொடங்கும். குளத்துத் தண்ணீரில் குளோரின் உண்டு. நல்ல தண்ணீரில் உடனே அலசாவிட்டால் ஆரிஃபாவின் தோல் தடித்துச் சிவந்துவிடும். பாத்ரூமோ வீட்டுக்குள், நாலு படி மேலே. ஈரக் காலோடு அவளை ஏற்ற எனக்குத் தைரியமில்லை, எனக்கும் அறுபத்தைந்து ஆகிறது. அதனால் வேலைக்கு வரும் லூர்துராணி அவளைக் குளத்தோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என்னை ஒரு சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, வாளியிலிருந்து மக்கால் மொண்டு மொண்டு ஊற்றுவாள்.

ஏப்ரலில் ஒரு நாள் ஆரிஃபா அந்த மக்கைத் தட்டிவிட்டாள்.

"குண்டானக் கழுவுற மாதிரி கழுவுறா."

"நான் பதமாத்தானேம்மா ஊத்துறேன்?" என்றாள் லூர்துராணி.

"நீ பதமா ஊத்துனாலும் நான் குண்டான்தானே?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கேட்டுக்கங்க. ஒண்ணு நானா குளிக்கணும். இல்ல, இனி தண்ணியில இறங்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், எனக்குத் தெரியும். தேவதர்ஷினி கிளம்பும்போது வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். "அங்கிள், முதல் ஆறு மாசந்தான் நல்லா முன்னேற்றம் இருக்கும். இப்ப நிறுத்தினா அப்புறம் நான் எவ்வளவு இழுத்தாலும் வராது."

ஆக, குளத்தோரத்தில் ஒரு ஷவர் வேண்டும். அவள் தானே உட்கார்ந்து, தானே திறந்து, தானே மூடிக் குளிக்கிற மாதிரி. அதுவரைக்கும் மட்டும் வாளியைப் பொறுத்துக்கொள்வதாக ஆரிஃபா ஒப்புக்கொண்டாள்.

பிளம்பர் சின்னையன், ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் முடிந்ததும் வருகிறேன் என்றார். தேர் நிலைக்கு வந்தது, சின்னையன் வரவில்லை. நான் குவைத்தில் இருபத்தாறு வருஷம் கட்டடப் பராமரிப்பு பார்த்தவன். பைப் ரெஞ்சை எடுத்துத் துருவைத் துடைத்தேன். துடைப்பதற்குள்ளேயே தோள் வலித்தது.

முதலில் தரை. ஷவர் என்றால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், பாதி வேலை கீழேதான் இருக்கிறது. நாலடிக்கு ஓர் அங்குலச் சரிவு வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும், கூடினால் நாற்காலி நழுவும். இரண்டு நாள் கொத்தி, சொரசொரப்பான கல் பதித்தேன். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

அடுத்து மறைப்பு. எதிரே மூன்று மாடி வீடு. மேல் மாடியில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தமிழ்மணி குடியிருக்கிறார். அவர் பால்கனியில் நின்றுகொள்ள, ஆரிஃபா எழுந்து நின்றால் தலை எங்கே வருமோ அந்த உயரத்துக்கு ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நான் கீழே நின்றேன்.

"தெரியுதா சார்?"

"தொடப்பம் நல்லா தெரியுது பாய்!"

தகரத் தடுப்பை இன்னும் ஓரடி ஏற்றிக் கட்டினேன்.

"இப்ப?"

"இப்ப உங்க வழுக்கை மட்டும் தெரியுது. அதையும் மறைக்கணுமா?"

துடைப்பத்தை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நான் தடுப்புக்கு வெளியே நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். சிரிக்கவும் தெம்பில்லை.

தண்ணீர்தான் உண்மையான கணக்கு. சம்பிலிருந்து வரும் தண்ணீர் பூமிக்கடியில் கிடப்பதால் சித்திரையிலும் ஜில்லென்றிருக்கும். குளித்தால் ஆரிஃபாவின் இடது கால் விறைத்துக்கொள்ளும். மாடித் தொட்டித் தண்ணீரோ நாலு மணிக்கு வெந்நீர். அதிலும் முதல் ஒரு நிமிஷம் வருவது தொட்டித் தண்ணீர்கூட இல்லை. மொட்டைமாடியில் வெயிலில் படுத்திருக்கும் குழாய்க்குள் காலையிலிருந்து நின்று காய்ந்த தண்ணீர். அது கையைப் பொசுக்கும். ஆகவே இரண்டையும் கொண்டுவந்து கலக்க வேண்டும். மாடித் தண்ணீர் தன் பாரத்தால் தானே இறங்கிவிடும். சம்புத் தண்ணீர் ஏறாது, அதற்கு ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்தேன். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைவதை அறிந்து பம்ப் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். பம்ப் தள்ளும் வேகத்தில் குளிர்ந்த நீர் எதிர்க் குழாய் வழியாக மாடிக்கே ஏறிவிடாமலிருக்க ஒருவழி வால்வு ஒன்று. உட்கார்ந்தால் தோள் உயரத்தில் கொக்கியில் மாட்டிய கை ஷவர், வலது கைக்கு எட்டும்படி சுவரில் இரண்டு குழாய், பிடித்து எழக் கம்பி.

இதையெல்லாம் ஆரிஃபாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "பம்ப் எப்படித் தெரிஞ்சுக்குதுன்னா…" என்று ஆரம்பித்தபோது அவள் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள்.

"அதுக்குத் தெரியுதுல்ல? போதும். எனக்கு எதுக்கு?"

வியாழக்கிழமை மூன்றரைக்கு முடித்தேன். பன்னிரண்டு நாள். தேவதர்ஷினி வந்ததும், ஆரிஃபாவைத் தண்ணீரில் இறக்குமுன் தன் கையால் பார்க்கிறேன் என்று நீலக் குழாயைத் திறந்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள்! நீலத்துல கொதிக்குது!"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. குவைத்தில் மே மாதம் பிறந்தால் யாரும் ஹீட்டரைப் போட மாட்டார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக நீலக் குழாய்க்கு வரும் 'குளிர்ந்த' நீர் அங்கே கொதித்துக்கொண்டு வரும். சிவப்புக் குழாய்க்குப் போகும் தண்ணீரோ அணைத்துவைத்த ஹீட்டருக்குள், ஏசி ஓடும் வீட்டுக்குள், நாளெல்லாம் நின்று ஆறியிருக்கும். அதனால் செப்டம்பர் வரை அங்கே சிவப்புதான் குளிர், நீலம்தான் சூடு. வந்த புதிதில் ஒவ்வொருவரும் ஒருமுறை சுட்டுக்கொண்டு கற்றுக்கொள்வோம். அந்தப் பாடம்தான், என்னைக் கேட்காமலே, மாடிக் குழாயை நீலத்தோடு இணைத்திருக்கிறது.

ஆரிஃபா சிரித்தாள். என்னோடு அவளும் அங்கே பதினோரு வருஷம் இருந்தவள். "நாம குவைத்த விட்டுட்டு வந்தோம். குவைத் நம்மள விடல, பாத்தீங்களா?"

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. "அங்கிள், ஆன்ட்டிக்கு இடது பக்கம் சூடு தெரியாது. தோல் வெந்தாகூட அவங்களுக்குத் தெரியாது. இது விளையாட்டில்ல."

அன்றைக்கும் வாளியும் மக்கும்தான். கண்ணை மூடிக்கொண்டு நீரை வாங்கிய ஆரிஃபா, தலையைத் துவட்டும்போது சொன்னாள்.

"சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். அவ்வளவுதான்."

குமிழின் நிறங்களை மட்டும் மாற்றிப் போட்டிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. இடது பக்கம் சூடு, வலது பக்கம் குளிர் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நாளை எந்த பிளம்பர் வந்து கை வைத்தாலும் அவருக்குப் புரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு குழாயையும் அறுத்தேன். சொல்யூஷன் தடவிய குழாயை ஒட்டுகிறோம் என்று சொல்வதே தவறு. அது குழாயின் மேல்தோலைக் கரைக்கிறது, கரைந்த இரண்டு தோலும் ஒன்றாக இறுகுகிறது. இறுக ஒரு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை விட்டால் அப்போது பிடித்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்துப் பிய்த்துக்கொள்ளும். கடைசி இணைப்பைச் செருகி முப்பது எண்ணும்வரை பிடித்திருந்தேன். மணி நாலு. நாளை நாலு மணிக்குச் சரியாக இருக்கும்.

"மாத்திட்டேன். இப்ப எல்லா வீட்டுலயும் இருக்கிற மாதிரி. சிவப்பு சூடு, நீலம் குளிர். மொதல்ல நீலம், அப்புறம் கொஞ்சமா சிவப்பு."

"தெரியும்ங்க. அம்பது வருஷமா குழா தொறக்குறேன்."

சனிக்கிழமை ஆரிஃபா குளத்தில் ஆறு முறை நடந்தாள். கரையேறியதும் தேவதர்ஷினியும் லூர்துராணியும் அவளைத் தடுப்புக்குள் நாற்காலியில் உட்காரவைத்து, உலர்ந்த உடுப்பைக் கம்பியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். தேவதர்ஷினி எதையோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. தாப்பாளத் தொடாதீங்க."

அவர்கள் இருவரும் படிப்பக்கம் போனார்கள். நான் தடுப்பை ஒட்டி, தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். பார்க்க முடியாவிட்டாலும் எனக்குக் காது இருந்தது. நீலத்தைத் திறந்தால் பம்ப் முனகும். சிவப்பைத் திறந்தால் பம்ப்புக்கு வேலையில்லை, தண்ணீர் மட்டும் விழும். முதலில் முனகல் கேட்க வேண்டும்.

கொக்கியிலிருந்து கை ஷவரை எடுக்கும் ஓசை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு தண்ணீர் விழுந்தது.

பம்ப் முனகவில்லை.

எழுந்தேன். குழாயில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர். முதல் ஒரு நிமிஷம். இடது பக்கத்தில் விழுந்தால் அவள் கத்தக்கூட மாட்டாள்.

"ஆரிஃபா! சிவப்ப மூடு! சிவப்பு!"

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அதை நான்தான் போட்டேன், வெளியிலிருந்தும் தூக்குகிற மாதிரி, அவசரத்துக்கென்று. தேவதர்ஷினி ஓடிவந்தாள்.

"உள்ள வந்தீங்கன்னா பாருங்க!" என்றது குரல். வலியில் வந்த குரல் இல்லை. கோபம்.

கையைத் தாழ்ப்பாளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். தூக்கினால் அவள் உடம்பு தப்பலாம். ஆனால் திங்கட்கிழமை தண்ணீரில் இறங்க மாட்டாள், அதன்பின் எந்தத் திங்கட்கிழமையும். தேவதர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள். நான் தூக்கவில்லை.

தண்ணீர் நின்றது. எதுவும் கேட்கவில்லை. பிறகு கீழே சம்புப் பக்கத்திலிருந்து, கொசு மாதிரி, பம்ப் முனகத் தொடங்கியது.

வாளியின் மேல் மறுபடி உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் அது நின்றும் ஓடியும் முனகிக்கொண்டிருந்தது. தடுப்புக்கடியில் சோப்பு நுரை சரிவில் வழிந்து, எங்கும் நிற்காமல், வாழைப் பாத்தியைத் தேடிப் போயிற்று.

அவள் கம்பியைப் பிடித்து எழுந்து வெளியே வந்தபோது துப்பட்டி நனைந்திருந்தது, மேல் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. லூர்துராணி அதைச் சரிசெய்யக் கை நீட்டினாள், தேவதர்ஷினி அவளைக் கண்ணால் தடுத்தாள். பிறகு ஆரிஃபாவின் இடது தோளையும் தொடையையும் துப்பட்டி மறைவில் உடுப்பை விலக்கிப் பார்த்தாள். சிவப்பு எதுவும் இல்லை.

"சிவப்பத்தானே மொதல்ல தொறந்த?" என்றேன்.

"ஆமா. தெரியும். தெரிஞ்சும் கை அங்கதான் போச்சு." வெளியே கிடந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. "இப்ப நான் சொல்றேன், குறுக்க பேசாம கேளுங்க. ஷவர எடுத்து மொதல்ல செவுத்தப் பாத்துத் திருப்பி, மடியில இடுக்கிக்கிட்டேன். அப்புறந்தான் குழாயத் தொறந்தேன். செவுத்துல விழுற தண்ணிய வலது கால் கட்டவெரலால தொட்டேன். சுட்டுச்சு. நீங்க கத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மூடல?"

"குழாய்க்குள்ள நிக்கிற தண்ணிதான் ரொம்ப சுடும்னு பன்னெண்டு நாளா நீங்கதானே ஓதுனீங்க? அது போய்த் தொலையட்டும்னு விட்டேன். அப்புறம் மூடுனேன். நீலத்தத் தொறந்தேன். செவப்பக் கொஞ்சமா கலந்தேன். புரியுதா?"

"புரியுது" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லவா?"

"வேணாம்."

"மறுபடியும் குழாய அறுத்து மாத்துறேன்னு கெளம்பிடாதீங்க. கை கத்துக்கும்."

தேவதர்ஷினி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "திங்கக்கிழம நாலு மணிக்கு வரேன், ஆன்ட்டி."

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வா. ஏழு தடவ நடக்கணும்." ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஆரிஃபா என்னிடம் சொன்னாள். "நீலக் குழா மூடுனப்புறமும் சொட்டுது. கேக்குதா?"

கேட்டேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. வாஷர் சரியாக உட்காரவில்லை. சொட்டுக்குச் சொட்டு அழுத்தம் குறைய, பம்ப் தன்னால் ஒருமுறை முனகி நின்றது.

"நாளைக்குப் பாக்குறேன்" என்றேன். வாளியிலிருந்து எழ மனம் வரவில்லை.