மூன்றாவது வாசல் மீன்

பந்து இடப்பக்கம் போனபோது அத்தையின் கண்கள் வலப்பக்கம் போயின. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலை செய்கிறவள். அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டில் ஹாக்கிப் பைத்தியம் முற்றிய ஆள் மாமியார்தான் என்று நினைத்திருந்தேன். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு, டிவிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் சட்டைக்காரர்கள் மைதானத்தில் இறங்கும் முன்பே தயாராகிவிடுவார். குறுக்கே யாரும் நடக்கக்கூடாது. இவ்வளவு பக்தியோடு உட்கார்ந்திருப்பவர், கோல் விழுந்த பிறகு "யாருடா போட்டா?" என்று பக்கத்தில் கேட்பார். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் டிவியை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். பந்து ஓடிய பக்கம் அவர் திரும்பவே இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், மைதானக் கடிகாரத்துக்குக் கீழே, கேலரியில் கூட்டம் நிற்கும் மூலையிலேயே கண் குத்தி நின்றது.

அங்கே என்ன என்று இரவு கணவரிடம் கேட்டேன். சட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டபடி, "அண்ணன்" என்றார். வெளியூரில் வேலை செய்கிறார் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்ன அதே அண்ணன்.

அவர் போன ஊர், மஞ்சள் சட்டைக்காரர்களின் ஊர், எங்கள் ஊரிலிருந்து லாரியில் ஒரு பகல் ஓர் இரவு தூரம். துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலைக்குப் போனவர் வாரம் தவறாமல் கூப்பிடுவாராம். பேச்சில் இரண்டே விஷயம்தான் இருக்குமாம்: மஞ்சள் சட்டைக்காரர்கள் எப்படி ஆடினார்கள், ஆட்டம் முடிந்து தான் சாப்பிட்டது என்ன. மைதானத்தின் மூன்றாவது வாசலில் ஒரு அம்மாள் மீன் வறுப்பதும், வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பதும், எலும்பு சூப்பை ஊதி ஊதிக் குடிப்பதும் இந்த வீட்டுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஹாக்கியும் அதோடு வந்தது. பிறகு ஒரு வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பட்டன் வைத்த அந்தப் பழைய போன் இன்னமும் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. கடன் வேண்டுமா என்று எவளாவது கூப்பிட்டால்கூட, அது அடிக்கிற அந்த நொடியில் வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டாம். ஆட்டம் சூடாகும்போது ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்பார். "தலையில கை வைக்காதடா, விளங்காது" என்று அத்தை திட்டாத நாள் இல்லையாம். கடிகாரத்துக்குக் கீழே அப்படி ஒருவன் நிற்கிறான். அந்த மைதானத்தில் நடக்கிற ஆட்டமெல்லாம் நிற்கிறான்.

ஆட்டம் பார்க்க எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கணவரின் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். லாரி ஓட்டுகிறார், நடந்து வந்தாலும் அவர் பெயர் லாரிதான். இன்னொருவர் கீழ்வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. இடைவேளை வந்தால் போதும், என் கணவரோடு சேர்ந்து மூன்று பேரும் அந்த ஊரை நடுவில் போட்டு அலசுவார்கள். அணியை விட்டுக் கொடுக்க மாட்டார்கள், ஊரை விட மாட்டார்கள். தையல்காரர் ஊர் எப்படியோ ஆட்டமும் அப்படியே என்பார். முதல் பாதியில் வாய், இரண்டாம் பாதியில் வாய்தா. லாரி அங்கே சரக்கு இறக்கிய அனுபவத்தில் பேசுவார். அந்த ஊரில் கைகொடுத்தால் விரலை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த மீன் போன வாரத்து எண்ணெயில் வறுத்தது, சூப்பில் எலும்பு குளித்துவிட்டுத்தான் போயிருக்கும். என் கணவருக்கு அவர் பங்குக்கு ஒரு கோபம். அண்ணனைத் தேடி அங்கே போய், போட்டோவை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக அலைந்து, பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

அத்தை மூவரையும் ஒற்றை ஆளாகச் சமாளிப்பார். அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காதவர், அதைத் தன் பிறந்த வீடுபோலத் தாங்கிப் பிடிப்பார். என் கணவர் திரும்பி வந்த அன்று அத்தை கேட்ட முதல் கேள்வி, மீன் சாப்பிட்டாயா என்பதுதானாம். இல்லை என்றிருக்கிறார். அதிலிருந்து கணவர் வாய் திறந்தாலே ஒரே பதில்.

"ஒரு ஊருக்குப் போயி ஒரு வாய் சாப்பிடாம வந்துட்டு, அந்த ஊரப் பத்திப் பேசாத."

ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு மகனுக்கு வெண்ணெய், ஒரு மகனுக்குச் சுண்ணாம்பு என்று மனசுக்குள் கேலிகூடச் செய்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. ஊர் கெட்டது என்றால் பெரியவன் செத்துப்போனான். ஊர் நல்லது, மீன் நல்ல மீன் என்றால் எங்கேயோ ஒரு வாசலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு வாதம். அத்தைக்கு அது மகனின் உயிர்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணி மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்த எரிச்சலில் லாரி வாயை விட்டுவிட்டார். "விடுங்க பெரியம்மா, அது ஆளை முழுங்குற ஊரு. அங்க காணாமப் போனவன் எவன்..." அதற்குமேல் அவரே நிறுத்திக்கொண்டார். தையல்காரர் நாடாவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். டிவியில் யாரோ எங்கேயோ விசில் ஊதினார்கள்.

அத்தை திரும்பவில்லை. "காணாமப் போகல. கூப்பிடல. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் காலையில் அவர் என் கடைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் வந்ததே இல்லை. பழைய கண்ணாடியே போதும், கண்ணுக்கு என்ன குறை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தூரத்துல நிக்கிற ஆளோட முகம் தெரியணும். அந்த மாதிரி போட்டுக் குடு" என்றார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மேல் வரி சரி. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் தடுமாறாமல், கணீரென்று, தப்பாகப் படித்தார். தெரியாதவர்கள் பொதுவாகக் கண்ணைச் சுருக்குவார்கள், தலையைச் சாய்ப்பார்கள். இவர் இல்லாத எழுத்தை இருக்கிறது என்று நம்பியே படித்தார். இந்தக் கண்ணோடு கட்டைவிரல் நகமளவு மனிதனை டிவியில் அடையாளம் காண வழியே இல்லை. இத்தனை காலம் அவர் பார்த்தது ஒரு மஞ்சள் கலங்கலையும், அதற்குள் மடங்கிய ஒரு கையையும்தான்.

மதியம் கணவர் போன் செய்தார். அம்மா வந்தாரா என்று விசாரித்தார். "நல்லா பவர் வச்சே குடு. ஒரு தடவை சரியாப் பாக்கட்டும். பாத்துத் தெளியட்டும். எத்தனை நாளைக்கு இப்படி" என்றார்.

கண்ணாடி ஒன்று, கேட்டவர்கள் இரண்டு பேர். மகனைக் கண்டுபிடிக்க ஒருவர், அவன் அங்கே இல்லை என்று காட்ட ஒருவர். லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பவரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது; வாசலும் படியும் தெரியும், அந்த மூலை மட்டும் கலங்கலாகவே இருக்கும். என் தொழில் நேர்மையெல்லாம் அன்றைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் என்னை நம்பிக் கேட்டவரின் கண்ணை ஏமாற்ற எனக்குப் பயமாக இருந்தது. சரியான அளவையே போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் மைதானத்திலேயே ஆட்டம். அத்தை புதுக் கண்ணாடியைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாரம் முழுக்க அதை வீட்டில் போடவே இல்லை. லாரி வழக்கத்துக்கு மாறாக வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் யாரும் ஊரைப் பற்றிப் பேசவில்லை. தையல்காரர் மட்டும் பேச்சுக்கு ஒரு நூல் விட்டுப் பார்த்தார், எடுக்க ஆளில்லை. அந்த அமைதியில் பட்டன் போனின் சின்னப் பச்சை விளக்கு கூடப் பெரிதாகத் தெரிந்தது.

கடைசிக் கால்மணியில் ஆட்டம் சமனில் நின்றது. பந்து வலப்பக்கக் கோலுக்கு வந்தது, கேமராவும் வந்தது. அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடிகாரம், அதன் கீழே கூட்டம், கூட்டத்தில் தலைமேல் கையோடு அவன். கேமரா அவன் மேல் இமை மூடித் திறக்கிற நேரம் நின்றுவிட்டு நகர்ந்தது. நான் மூத்தவரை போட்டோவில் மட்டுமே பார்த்தவள். அதில் மீசை அரும்பியிருக்கும். இவனுக்கு முகம் ஒடுங்கி, தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அவராகவும் இருக்கலாம், எவனாகவும் இருக்கலாம். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, எனக்கே தெரியவில்லை.

கணவர் டிவியைப் பார்த்தபடியே கேட்டார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

அவனா என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க வராது போலிருந்தது. அத்தை கண்ணாடியின் கம்பியை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொரு கையில காயிதப் பொட்டலம் இருக்கு. சாப்பிட்டிருக்கான்" என்றார்.

அதை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. பிறகு வாசல் பக்கமிருந்து லாரியின் குரல், அவர் குரல்போலவே இல்லாமல் வந்தது. "மூணாவது வாசல்ல மீன் நல்லாத்தான் இருக்கும், பெரியம்மா. நான் சும்மா சொல்லுவேன்."

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். இத்தனை வருட வாதத்தில் ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

திரையில் மஞ்சள் சட்டைக்காரர்களுக்குப் பெனால்டி கார்னர் கொடுத்தார்கள். பந்தை வைத்தார்கள், ஆட்கள் வரிசையாகக் குனிந்தார்கள். என் வேலைப் புத்தி போகுமா, நான் அப்போதும் அறையில் இருந்தவர்களின் கண்களைத்தான் பார்த்தேன். தையல்காரரின் கண் பந்தில் இல்லை. லாரியின் கண் பந்தில் இல்லை. ஊரே கெட்ட ஊர் என்று இத்தனை காலம் அடித்துப் பேசிய என் கணவர், அம்மா தெளியட்டும் என்று சொன்னவர், கடிகாரத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை எப்போது மேலே போனதோ தெரியவில்லை, தலைமேல் இருந்தது. இவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"கையை எடுடா" என்றார் அத்தை, மெதுவாக.

யாரைச் சொன்னார் என்று பார்க்கத் திரும்பினேன். கண்ணாடியில் டிவியின் வெளிச்சம் விழுந்து அவர் கண்கள் தெரியவில்லை. கணவரின் கை தலையிலிருந்து இறங்கியது. அதே நேரம் மட்டை பந்தில் மோதிய சத்தம் கேட்டது. கோல் பலகை அதிர்ந்தது. கடிகாரத்துக்குக் கீழே இருந்த அத்தனை கைகளும் ஒன்றாக மேலே பறந்தன, அவன் கையும்தான். அந்த ஊர் முழுவதும் எங்கள் அறைக்குள் கத்தியது. எங்களில் ஒருவரும் சத்தம் போடவில்லை.