ஆவுடையம்மாளுக்காக அழுதவர்கள்

கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த கனகவள்ளிக்கு டிவி பார்க்கக் கூடாதென்று உத்தரவு. அந்தத் தாராவி வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் மருமகள் மாலதி மட்டும்தான். அவள் வேண்டுமென்றே ஒரு பழைய நாவலைத் தேடி எடுத்துவந்தாள். அதில் வரும் ஆவுடையம்மாள், மருமகள் வைத்த குழம்பில் யாருக்கும் தெரியாமல் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, பந்தியில் முதல் ஆளாக முகம் சுளிப்பவள். மாமியாருக்குக் கொஞ்சமாவது உறைக்கட்டும் என்பது மாலதியின் எண்ணம்.

உறைக்கவில்லை.

“நாசமா போவா! இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளாட்டி?” என்று கனகவள்ளி கட்டிலைத் தட்டினாள். அடுத்த மூச்சிலேயே, “அடுப்புல என்னமோ தீயுது பாரு. ஒரு வேலைய உருப்படியா செய்யுதியா நீ?” என்றாள்.

மாலதி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள். அங்கேதான் சிக்கல். மருமகளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்ட ஆவுடையம்மாள், சாயங்காலம் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிடுகிறாள். குறைசொல்லக்கூட ஆளில்லை. ஆறிக்கொண்டிருக்கும் தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாலதிக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. அந்தக் கொடுமைக்காரிக்காகத் தான் எதற்கு அழவேண்டும் என்று எரிச்சலாகவும் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், கனகவள்ளியின் கன்னமும் ஈரம்.

“அழுவுதியளா அத்தே?”

“யாரு அழுதா? சொட்டுமருந்து வடியுது.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “பொல்லாதவதான். ஆனா மவன் கைவிட்டுப் போயிருவானோன்னு பயந்துகிட்டுல்லா கெடக்கா. எனக்கு இப்படி ஒருத்தியத் தெரியும்ட்டி. அச்சு அசல் இவளேதான்.”

வந்தது வழிக்கு! மாலதி புத்தகத்தை மூடினாள். “யாரு அத்தே?”

“வேற யாரு? மான்குர்த்துல இருக்காளே, ஒங்கம்மை.”

சண்டைக்கு வாயைத் திறந்த மாலதிக்கு மான்குர்த்திலிருந்து வரும் போன்கள் நினைவுக்கு வந்தன. அண்ணன் மனைவி பொன்செல்வி போனில் அழும்போதெல்லாம், ‘எங்கம்மை அப்படிச் செய்யவே மாட்டா’ என்று வெடுக்கென்று போனை வைத்தவள் மாலதி.

அன்று மாலை அவளே கூப்பிட்டாள். “மதினி, அம்மை என்னதான் செஞ்சா? மொதல்லருந்து சொல்லுங்க.”

பொன்செல்வி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். கனகவள்ளி கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள்.

“ஏட்டி, நீ மட்டும் கேட்டா எப்படி? ஸ்பீக்கர்ல போடு.”