லென்ஸில் இல்லாத கறை

1

இந்தக் கதையைத் தங்கையிடமிருந்து எடுத்தேன். ‘கேட்டுத்தான் எடுத்தேன்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். கேட்கவில்லை.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நுண்ணோக்கியில் தட்டணுக்களை எண்ணுவாள். (வீட்டில் அவள் பெயர் கழுகு. சோற்றில் ஒரு முடி தப்பாது.) டெங்குக் காய்ச்சல் விட்டதும், நேற்று, எட்டாம் நாள், வேலைக்குப் போனாள்.

2

முதல் தொடக்கம்: ‘உலகத்தின் நடுவில் ஒரு துளை—’

வேண்டாம். பயம் அப்படி அலங்காரமாக வரவில்லை. அழுக்கைப் போல வந்தது.

பார்வையின் நடுவில் சாம்பல் நிறக் கறை. ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடை நகர்த்தினாள், கறை நகரவில்லை. கண் வைக்கும் லென்ஸைத் திருகினாள், கறை சுழலவில்லை. அப்படியானால் கீழ் லென்ஸில் தூசி. அவர்கள் தொழிலில் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வேலை நிற்கக் கூடாதே என்று, கறைக்கு அடியில் எத்தனை தட்டணுக்கள் இருக்கும் என்பதை அனுபவத்தில் குத்துமதிப்பாகச் சேர்த்துக்கொண்டாள். பதினோரு ஸ்லைடுகள். பிறகு நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஓரத்தில் எண்கள் இருந்தன. நடுவில் முட்கள் இல்லை.

3

“எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் காணோம்க்கா. மத்ததெல்லாம் இருக்கு.”

“காய்ச்சல் களைப்புடி. தூங்கு.”

“நீ டாக்டரா? சும்மா இரு.”

உண்மையான டாக்டரிடம் சாயங்காலம் போனோம். விழித்திரையின் நடுவில் வீக்கம். இந்தக் காய்ச்சலுக்குப் பின் வருவதுண்டு. பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்குக் கறை அப்படியே நின்றுவிடும் என்றார்.

“நான் பலரா, சிலரா டாக்டர்?”

அவர் மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

4

அந்தப் பதினோரு ஸ்லைடுகளில் ஒன்று நான்கு வயதுக் குழந்தையுடையது. காய்ச்சலின் ஐந்தாம் நாள், தட்டணு குறைந்தால் உயிருக்கே ஆபத்தான நாள். ‘போதுமான அளவு’ என்று கையெழுத்திட்டிருக்கிறாள்.

என் கதையில் அவள் நேராக மேலதிகாரி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். இன்று காலை படித்துக் காட்டினேன்.

“நான் போகலையே.”

“கதையில போறே.”

“உனக்கென்ன, பிடிக்கலைன்னா அடிச்சிட்டு எழுதுவே. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

5

முடிவு அ: கறை மறைகிறது, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. எழுதிவிட்டு வெட்கப்பட்டேன்.

முடிவு ஆ: அந்தக் குழந்தையின் அம்மா—

(எழுத முடியவில்லை.)

6

இப்போது அவள் போனை என்னிடம் நீட்டுகிறாள். “லேப் நம்பரைப் போட்டுக் கொடுக்கா. எழுத்து தெரியலை. நானே சொல்லிடறேன்.”

சொன்னால் அவளை இனி நுண்ணோக்கி பக்கம் விடமாட்டார்கள். இந்த வீடு அவள் வேலையில்தான் ஓடுகிறது. நான் உட்கார்ந்து எழுத முடிவதும் அதனால்தான். காகிதத்தில் அவளை அவ்வளவு சுலபமாகத் துணிச்சல்காரியாக்கியவள், எண்ணை அழுத்தாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் விரல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

“ரிங் போகுதாக்கா?” என்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள்.