மேல் குழலுக்குப் போன கம்பி

சிலுவைராஜுக்கு ஒரு பொருளைச் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. நன்றாகப் பாடுகிற ரேடியோவையும் ஒருதரம் திறந்து பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கடல் தாண்டித் தீவுக்கு வந்து டாலிகஞ்சில் ரிப்பேர் கடை வைத்திருந்தாலும் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், கடலுக்குப் போகிற வீட்டில். குடியிருப்பும் கடற்கரையில்தான். அடுத்த குடிசையில் தம்பி ஜெயமணியும் அவன் பெண்டாட்டி லூசியும். கரையில் இருந்த சின்னக் கோயிலின் மைக் செட்டுக்குச் சிலுவைராஜ்தான் பொறுப்பு.

அந்த வருஷம் கோயிலுக்கு ஒரு வெளிநாட்டு ஒலிபெருக்கிப் பெட்டி வந்தது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன கப்பல் அதிகாரி ஒருவர் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே கீழே பெரிய வட்டம், மேலே சின்னக் குழல். முழக்கத்துக்கு வட்டம், சொல் தெளிவாகக் கேட்கக் குழல். பெட்டியின் முதுகில் நாலு திருகு. ஒயர் வந்து கீழ்த் திருகுகளில் சேரும். அங்கிருந்து மேல் திருகுகளுக்குப் போக இரண்டு பித்தளைத் தகடு. தகடு கெட்டால் குழல் ஊமை, அவ்வளவுதான் சங்கதி.

உப்புக் காற்று பித்தளையை விட்டுவைக்குமா? பச்சை பூத்துவிட்டது. சவேரியார் திருநாளுக்குக் கொடி ஏறுமுன் சிலுவைராஜ் இரண்டு தகட்டையும் கழற்றி வீசிவிட்டுத் தடித்த செம்புக் கம்பியாக வெட்டிப் போட்டான். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். அவன் அப்பா படகுக்கு ஆணி அடித்தால் ஒவ்வொரு ஆணியையும் வார்னிஷில் முக்கித்தான் அடிப்பார், துரு பிடிக்கக் கூடாதென்று. மகனும் கம்பியின் நுனிகளை வார்னிஷில் முக்கித் திருகை இறுக்கினான். அட, ஆணியில் கரண்டா போகிறது? வார்னிஷ் கரண்டை மறிக்கும் என்று ரேடியோ பார்க்கிறவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றைக்குத் திருகு வார்னிஷைக் கீறிச் செம்பைத் தொட்டிருக்க வேண்டும். பாட்டு கணீரென்று வந்தது. "அண்ணே, சவேரியாரே எந்திரிச்சு வந்துருவாரு போல!" என்று ஜெயமணி கேலி பேசினான். சிலுவைராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் கரையில் திருநாள் பாட்டுத்தான்.

திருநாளுக்கு முந்தின வாரம், மத்தியானம் சாய்ந்த நேரம். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. துறைமுகத்து ஜீப் ஒன்று கரைக்கு வந்து நின்றது. "தூஃபான் ஆ ரஹா ஹை! போட் சப் வாபஸ் புலாவோ, ஜல்தி!" என்று கத்திவிட்டு அடுத்த கரைக்குப் பறந்தது. புயல் வருகிறது, படகுகளைக் கூப்பிடு என்றால் யாருக்குத்தான் கை கால் ஓடும்? கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அப்பால் நாலைந்து படகு தெரிந்தது. அதில் ஒன்று மத்தியாஸின் படகு. ஜெயமணியும் அதில்தான் போயிருந்தான்.

சிலுவைராஜ் கோயிலுக்கு ஓடினான். பெட்டியைக் கடல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதன் பின்னால் நின்று மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் கரைக்கு வாங்க! புயல் வருது! ஏலே ஜெயமணி, வலையை அறுத்துட்டு வந்துருலே!"

ஒரு படகும் திரும்பவில்லை. மறுபடி கத்தினான். பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவனுக்குச் சத்தம் எப்போதும் மந்தமாகத்தான் கேட்கும், அதனால் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "செவிட்டுப் பயலுவ! மீனைக் கண்டா காது அடைச்சுப்போவுமா?" என்று திட்டிக்கொண்டே தொண்டை கிழியக் கூப்பிட்டான். மழை தொடங்கிவிட்டது.

அவன் பெண்டாட்டி சிசிலியா கரையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என்னத்தைப் பேசுதீய? குடத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. ஒரு சொல்லு விளங்கல!"

மைக்கை அவள் கையில் திணித்துப் பேசச் சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றான். உம் உம்மென்று முழக்கம் மட்டும் வந்தது. மேல் குழலில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் ஓடித் திருகைக் கழற்றினான். திருகு கீறிய இடத்தில் பச்சை பூத்திருந்தது, மற்றபடி கம்பி நுனியில் வார்னிஷ் கண்ணாடியாகக் காய்ந்து இறுகியிருந்தது. கத்தியால் சுரண்டினான், பல்லாலும் கடித்து உரித்தான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பாவி மனுஷன், அழுதுகொண்டே திருகை இறுக்கினான்.

"கரைக்கு வாங்க!" சிசிலியாவின் குரல் கடல்மேல் தெளிவாகப் போனது. படகுகள் அப்போதே திரும்பின.

ஆனால் காற்று முந்திக்கொண்டது. முன்னால் நின்ற படகுகள் அடித்துப் பிடித்துக் கரையேறின. மத்தியாஸின் படகு பாறைகிட்டே கவிழ்ந்ததைக் கரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். கயிறு கட்டிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். மத்தியாஸைத்தான் இழுத்து வர முடிந்தது.

கரையில் கிடந்தவன் தண்ணீரைக் கக்கி முடிப்பதற்குள் லூசி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவிய எங்க? எங்கண்ணே அவிய?"

மத்தியாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல்லேயே சத்தம் கேட்டுச்சும்மா, சொல்லுதான் விளங்கல. வானம் கறுக்குதேன்னு நான் போவோம்னேன். அவன்தான், அண்ணன் இன்னைக்கு வெள்ளனே பாட்டு போட்டுட்டான், கேட்டுக்கிட்டே இன்னொரு வலை இழுப்போம்னான். படகு விளிம்புல தாளம் போட்டுக்கிட்டே இழுத்தான்."

லூசி எழுந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்ற சிலுவைராஜிடம் வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அழுகையும் இன்னும் வரவில்லை.

"என்ன பாட்டு அத்தான் போட்டிய?"

"பாட்டு போடல தாயி. வந்துருலே, வந்துருலேன்னுதான் சொன்னேன்."