மணிக்கோபுரத்தில் ஏறச் சொன்னவர்

வழுக்கும் படிகளில் விளக்கோடு ஏறிக்கொண்டிருந்தார் கொலையைத் துப்பறியும் கிழத் துறவி, கீழே முற்றத்துப் பனியில் துணி போர்த்திய உடல், சோபாவின் நுனிக்கே வந்துவிட்டார் இன்னாசி, அடுத்து என்னவென்று அவருக்குத் தெரியும், எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய மடமொன்றில் நடக்கும் இந்தக் கொலைக்கதையைப் போன வாரம்தான் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் வாசித்து முடித்திருந்தார், அது படமாகவும் வந்திருக்கிறது என்று மகள்தான் ஞாயிறு மத்தியானம் டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் மனைவி பனிமயம், யாருங்க கொன்னது, வேண்டாம், சொல்லிராதீங்க, என்று முழங்கையால் இடிக்க, அவரும் சிரித்தார்.

அப்போது திரையில் மடத்தின் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார், அவன் தானாகக் குதித்தான். புத்தகத்தில் அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போயிருந்தார், குரலாகக் கேட்டபோது தாண்ட முடியவில்லை, அது குருமடத்தை நடத்திய ரெக்டர் சாமியின் குரல், எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழை, சாமியாருக்குப் படிக்கும் இன்னாசிக்கு இருபது வயது, பக்கத்துக் கட்டிலில் செபஸ்தியான், இருவருக்கும் துப்பறியும் கதை என்றால் பைத்தியம், ஜெபப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசிக்கிறார்கள், ஒருநாள் செபஸ்தியானின் தலையணைக்கடியில் ஒன்று அகப்பட்டுவிடுகிறது, இன்னாசி கொடுத்தது, யாருடையது என்று ரெக்டர் சாமி கேட்கிறார், இன்னாசி தரையைப் பார்க்கிறான், என்னோடதுதான் சாமி என்கிறான் செபஸ்தியான், அப்படியா, கோவில் மணிக்கோபுரத்து உச்சியில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது, ஏறிப் பிடுங்கிவிட்டு வா, மழை பெய்யுதே சாமி, பெய்யட்டும், ஏறு. போகிறபோது இன்னாசியைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், லேய், கடைசி அத்தியாயத்தைச் சொல்லிராத, வந்து நானே வாசிச்சுக்கிடுதேன். வரவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கோவிலில் நிறுத்தி ரெக்டர் சாமி சொன்னார், தானாகக் குதித்துவிட்டான். விசாரிக்க வந்த போலீஸ்காரர், உனக்கு ஏதாவது தெரியுமா தம்பி, தெரியாது சார், அவ்வளவுதான், தற்கொலைக்குப் பூசை கிடையாது என்று அவன் ஊரில் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடிகளுக்கு நடுவே புதைத்தார்கள், எம்பிள்ள அப்படிச் செய்யமாட்டான் என்று அவன் அம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அழுதாள், இன்னாசியின் கையையும் பிடித்தாள், அந்தக் கை பிறகு சாக்பீஸ் பிடித்தது, தாலி கட்டியது, மகளைத் தூக்கியது, இப்போது ரிமோட்டை அழுத்தி டிவியை அணைத்தது.

ஏங்க, கண்டுபிடிக்கப் போற நேரத்துல, என்றாள் மனைவி. நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். பனிமயம் அணைந்த டிவியைக் காட்டி, யாரோ எவனோ செத்ததுக்கு அந்தத் துறவி இந்த அலை அலையுதாரு, நீங்க அதை ரசிச்சு வாசிச்சிருக்கீங்க, என்றாள்.

மறுநாள் அந்த ஊர்ப் பங்குச்சாமி மூலம் செபஸ்தியானின் தங்கை ஞானப்பூவின் நம்பர் கிடைத்தது. நடந்ததையெல்லாம் போனில் அவளிடம் சொல்லி முடித்தார். எங்கம்மா தொண்ணூத்தாறுல போயிட்டா, என்றாள், அதுவரைக்கும் கோவில்ல கடைசி வரிசையிலதான் உக்காருவா, எங்கிட்ட மட்டும் சொல்லி என்னத்துக்கு, ஊர்ல வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, முடியுமா. வாறேன் என்றார், மறுபடியும், வாறேன்.

அடுத்த ஞாயிறு அந்த ஊர்க் கோவிலில் பூசை முடிந்ததும் மைக்கின் முன்னால் நிற்கிறார், செபஸ்தியான் குதிக்கல, அவனை ஏறச் சொன்னாங்க, நான் பக்கத்துல நின்னேன், வாயத் திறக்கல, என்கிறார், முன்வரிசையில் ஞானப்பூ அவரைப் பார்க்கவேயில்லை, எழுந்தாள், பீடத்துப் பூக்களில் ஒரு கை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், எருக்கஞ்செடிகளை நோக்கி, ஒருவர் இருவராக ஊர் முழுக்க அவள் பின்னால் போயிற்று, பனிமயமும் போனாள், காலியான கோவிலின் வாசல்வரை வந்து அதற்கு மேல் கால் எடுத்துவைக்கத் தைரியமில்லாமல் அவர் நின்றார். ஞானப்பூ பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள், முகத்தில் மன்னிப்பும் இல்லை கோபமும் இல்லை, நீங்களும் வாங்க, என்றாள்.